இழுக்காதே, வைத்துப் பிடி!

கையில் மின்சார டூத்பிரஷ் கிடைத்ததும் பலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பழைய பிரஷ்ஷைப் போலவே அதையும் 'வரட் வரட்' என்று இழுக்கிறார்கள். மோட்டார் ஒரு பக்கம் ஆட்ட, கை இன்னொரு பக்கம் ஆட்ட, பல்லிடுக்கும் ஈறோரமும் விட்டுப்போகின்றன. இதில் ஆட்டுவது மோட்டாரின் வேலை. சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்துக் காத்திருப்பதுதான் கையின் வேலை.

இதில் இரண்டு வகை அதிகம் விற்கிறது. ஒன்றின் தலை வட்டம். அது முழுச் சுற்றுச் சுற்றாது. கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம் என்று மாறி மாறித் திரும்பும். இன்னொன்றின் தலை நீளம். அது பக்கவாட்டில் அதிரும். சில மாடல்களில் நிமிடத்துக்குச் சுமார் 31,000 அசைவு. வகுத்துப் பாருங்கள், நொடிக்கு 500க்கும் மேல்! போக ஒன்று, வர ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு அதிர்வு. அப்படியானால் நொடிக்கு ஏறத்தாழ 260 அதிர்வு. பாட்டு கற்கிறவர்களே, அது கிட்டத்தட்ட ஒரு கட்டை சுருதி! சுருதிப்பெட்டியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பாத்ரூமில் பாட இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

சரி, இழுக்க வேண்டாம், அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம். ஏன்? காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவுங்கள். லேசாகப் பிசுபிசுவென்று ஒரு படலம் தட்டுப்படும். அது பாக்டீரியாக்களின் குடியிருப்பு. நாம் தின்னும் சர்க்கரையில் அவையும் பங்கு எடுத்துக்கொண்டு அமிலத்தை வெளியே விடுகின்றன. அந்த அமிலம்தான் பல்லின் எனாமலைக் கரைத்துச் சொத்தையாக்குகிறது. ஆனால் படலம் மெத்தென்றுதான் இருக்கும். நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும். அதற்குப் பலம் எதற்கு? அழுத்தினால் ஈறு புண்ணாகும், பிரஷ்ஷின் ஆட்டமும் தடைபடும். சில பிரஷ்களில் அழுத்தம் கூடினால் சிவப்பு விளக்கே எரியும். அதற்காகப் படலத்தைச் சும்மா விட்டுவிடவும் முடியாது. நாள்கணக்கில் விட்டால் எச்சிலில் உள்ள தாதுக்கள் படிந்து படலம் காரையாக இறுகிவிடும். பிறகு எந்த பிரஷ்ஷாலும் ஆகாது, பல் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். பிரஷ்ஷைப் பல்லில் வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். முந்திக்கொண்டால் கண்ணாடியெல்லாம் பேஸ்ட் தெறிக்கும்! பல்லும் ஈறும் சேருகிற கோட்டில் 45 பாகை சாய்த்துப் பிடியுங்கள். வட்டத் தலை என்றால் ஒவ்வொரு பல்லாக நகருங்கள். வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லும் பக்கம் மூன்றையும் தொட வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. பத்து வயதில் பெரும்பாலும் 24 பற்கள் இருக்கும். துலக்க வேண்டிய நேரம் 2 நிமிடம், அதாவது 120 நொடி. ஆக, ஒரு பல்லுக்கு 5 நொடி. நிறைய பிரஷ்கள் 30 நொடிக்கு ஒருமுறை சற்றே நின்று அதிரும். வாயை நான்கு பாகமாகப் பிரித்து, 'அடுத்த பாகத்துக்குப் போ' என்று சொல்லும் சைகை அது.

எல்லாப் பல்லையும்விடக் கடைசிப் பல்லைத்தான் நாம் ஏமாற்றுகிறோம். ஆறு வயதுவாக்கில் பால்பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அதற்காக எந்தப் பால்பல்லும் விழாது. அதனால் அது வந்ததே பலருக்குத் தெரியாது. அது போனால் வேறு முளைக்காது. அங்கே பிரஷ் போகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். முடிந்ததும் நுரையைத் துப்புங்கள். உடனே வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். பேஸ்டில் உள்ள, பல்லைக் காக்கும் ஃபுளோரைடும் அதோடு போய்விடும்.

மின்சார பிரஷ்ஷுக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1954இல் சுவிட்சர்லாந்தில் பிலிப் கீ வூக் என்பவர் உருவாக்கிய பிராக்ஸோடென்ட் என்ற பிரஷ்ஷைச் சுவர் பிளக்கில் சொருகித்தான் ஓட்ட வேண்டியிருந்தது. கையை நன்றாக அசைக்க முடியாதவர்களையும் பல்லுக்குக் கம்பி போட்டவர்களையும் மனதில் வைத்துச் செய்தது அது. ஈரக் கையில் மின்வயர்! இன்றைய பிரஷ்ஷின் அடியைத் திருப்பிப் பாருங்கள். பல மாடல்களில் உலோகமே தெரியாது, ஒரு குழி மட்டும் இருக்கும். சார்ஜரின் முளை அதற்குள் போய் உட்காரும். முளையில் ஒரு கம்பிச்சுருள், பிரஷ்ஷுக்குள் இன்னொன்று. முதல் சுருளில் மாறி மாறி ஓடும் மின்சாரம் காந்தப்புலத்தை உண்டாக்க, அது தொடாமலே இரண்டாவது சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் இதுதான்.

ஒரே கைப்பிடியை வீட்டில் எல்லோரும் பயன்படுத்தலாம். தலை மட்டும் ஆளுக்கொன்று வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். பல தலைகளின் அடியில் வெவ்வேறு நிறத்தில் வளையம் இருக்கும். எந்த நிறம் யாருக்கு என்று தம்பி தங்கையோடு முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.