பருவங்கள் புகட்டும் விஞ்ஞானம்

இளங்குழந்தைகளுக்கு விஞ்ஞானம் புகட்ட ஆய்வுக்கூடம் இன்றியமையாதது என்று நம்மில் பலர் கருதுகிறோம். வடநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு அடுக்களையே ஆய்வுக்கூடமாகும். தில்லியைப் போன்று கோடையும் குளிரும் கடுமையாக மாறிவரும் ஊர்களில், ஒரே பொருள் பருவத்துக்குப் பருவம் வேறுபடுவதைக் குழந்தை தன் கண்ணாலேயே காணலாம்.

தேங்காயெண்ணெயை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 24 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே அது உறையத் தொடங்கும். ஆகவே மார்கழியில் புட்டியினுள் வெண்மையாக இறுகி நிற்கும். அருகிலுள்ள நல்லெண்ணெயோ இளகியே இருக்கும். இரண்டையும் ஒருங்கே கண்ட குழந்தைக்கு, பொருளுக்குப் பொருள் உறைநிலை வேறுபடும் என்பது எளிதில் விளங்கும்.

இட்லி மாவும் அவ்வாறே. கோடையில் ஓரிரவுக்குள் பொங்கி வழியும் மாவு, தைக் குளிரில் விடிந்த பின்னும் பொங்காமல் கிடக்கும். ஒரு கிண்ணம் மாவை அடுப்பருகிலும் மற்றொன்றைச் சன்னலருகிலும் வைத்துப் பார்க்கச் செய்வோம். மாவிலுள்ள நுண்ணுயிர்கள் கதகதப்பில் விரைந்து பெருகிக் கரியமிலவாயுவை வெளியிடுகின்றன; குளிரில் மந்தமடைகின்றன. மண்பானை நீரோ, வைகாசியின் வறண்ட காற்றில் நன்கு குளிர்கிறது. ஆவணியின் ஈரக்காற்றில் நீர் ஆவியாவது குறைவதால் அவ்வளவு குளிர்வதில்லை.

இனி நிழல். 100 சென்டிமீட்டர்க் கோலொன்றை நிமிர்த்தி நட்டு, நிழல் மிகக் குறுகும் நண்பகலில் அளப்போம். டிசம்பர் 22-ஆம் நாளையொட்டித் தில்லியில் அது சுமார் 128 சென்டிமீட்டர் நீளும். சென்னையிலோ 74 தான். ஜூன் 21-இல் தில்லி நிழல் 9 சென்டிமீட்டராகச் சுருங்கி வடக்கே விழும். அன்று சென்னையில் 18 சென்டிமீட்டர் நிழல் தெற்கே விழும்! ஊரிலுள்ள தாத்தாவும் பேரனும் ஒரே நாளில் அளந்து கடிதத்தில் ஒப்பிட்டால், பூமி உருண்டை என்பது வெறும் மனப்பாடமாக நின்றுவிடாது.

பள்ளியில் நம் குழந்தைகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பயில்கிறார்கள். வீட்டுத் தமிழ் உணவுக்கும் உறக்கத்துக்கும் மட்டுமே என்று சுருங்கிவிடின், சிந்திக்க அது உதவாதென அவர்கள் எண்ணக்கூடும். உறைதல், ஆவி, நிழல் முதலிய சொற்களைப் பொருளோடு சேர்த்துப் பழக்குவது நம் கடமை. ஆனால் விடையை நாமே முந்திச் சொல்லலாகாது. குழந்தை முதலில் ஊகிக்கட்டும், பிறகு அளக்கட்டும், ஊகம் பொய்த்தால் மீண்டும் வினவட்டும். விஞ்ஞானத்தின் வழி அதுவே.