ரெண்டு போன்... ஒரு சம்பளம்!

கேம்பஸ்ல செலக்ட் ஆகியாச்சு. ஜாயினிங் டேட்டும் வந்தாச்சு. 'நல்லதா ஒரு போன் வாங்கிக்கோ'ன்னு வீட்டுல கிரீன் சிக்னலும் விழுந்தாச்சு. உடனே உட்கார்ந்து தேடோ தேடுன்னு தேடி, அம்பது மாடலை வடிகட்டி, கடைசியில ரெண்டே ரெண்டுல வந்து நிக்கறீங்க. அங்கதான் பாஸ் டிராஃபிக் ஜாம்! ரெண்டும் ஒரே சைஸ், ரெண்டும் 5ஜி, ரெண்டுலயும் 8 ஜிபி ரேம். விலை மட்டும் எட்டாயிரமோ பத்தாயிரமோ தள்ளி நிக்குது. 'இதுவா... அதுவா?'ன்னு மண்டை காயுது.

சும்மா பந்தா காட்டத்தான் போன்னா, பூவா தலையா போட்டுட்டுப் போயிடலாம். ஆனா வேலைக்குப் போற ஆளுக்கு இன்னிக்கு போன்தான் பாதி ஆபீஸ். அட்டெண்டன்ஸ் அதுலதான். ஓடிபி அதுலதான். பி.ஜி. வாடகை அனுப்பறதும், ராத்திரி பத்து மணிக்கு மேனேஜர் கூப்பிடறதும் அதுலதான். மெடிக்கல் ரெப், ஃபீல்டு சேல்ஸ், டெலிவரின்னு தெருவுல வேலைன்னா கேட்கவே வேணாம். மத்தியானம் மூணு மணிக்கு போன் படுத்துச்சுன்னா அன்னிக்கு வருமானமும் சேர்ந்து படுத்துடும். அதனால கொஞ்சம் பொறுமையா அலசிடுவோம்.

பேர் மாறுது... ஆள் மாறலை!

முதல்ல ஒரு கம்பெனி ரகசியம். ஒரே வயித்துல பிறந்த பிள்ளைங்களுக்கு வேற வேற இனிஷியல் போட்டு அனுப்பற கலை இந்த ஃபீல்டுல ரொம்ப பாப்புலர். 2024 ஜனவரியில ரெட்மி நோட் 13 ப்ரோ 5ஜி வந்தது. அதே மாசம் போகோ எக்ஸ்6 வந்தது. ரெண்டுலயும் ஸ்னாப்டிராகன் 7எஸ் ஜென் 2 சிப். ரெண்டுலயும் 5,100 எம்ஏஎச் பேட்டரி, 67 வாட் சார்ஜிங், 6.67 இன்ச் ஸ்கிரீன். பெரிய வித்தியாசம் கேமராவுலதான். அதுல 200 மெகாபிக்சல், இதுல 64. ரெண்டு பிராண்டும் ஷாவ்மி வீட்டுப் பிள்ளைங்கதான். 'என் போன்தான் கெத்து'ன்னு கேன்டீன்ல அடிச்சுக்கிட்ட ரெண்டு நண்பர்களும் பாதி அதே போனைத்தான் வெச்சிருந்தாங்க!

இதுக்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. பேர் கிட்டத்தட்ட ஒண்ணு, ஆள் வேற. ஸ்னாப்டிராகன் 7எஸ் ஜென் 2, ஸ்னாப்டிராகன் 7 ப்ளஸ் ஜென் 2 - ரெண்டையும் வேகமா வாசிச்சா ஒண்ணு மாதிரிதான் இருக்கும். நிஜத்துல 'ப்ளஸ்' எங்கேயோ, 'எஸ்' எங்கேயோ. வேகத்துல ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பட்டியல்ல அந்த ஒத்தை எழுத்தை விட்டுட்டா கதை கந்தல். அதனால சிப் பேரை வாலோட சேர்த்துப் படிங்க.

52,999-ஆ... 75,999-ஆ?

சரி, ஒரு ஜோடியை எடுத்து நல்லாவே துவைச்சுக் காயப்போடுவோம். கூகுள் பிக்சல் 8 நம்ம நாட்டுல 2023 அக்டோபர்ல வந்தப்ப ஆரம்ப விலை 75,999 ரூபாய். ஏழு மாசம் கழிச்சு, 2024 மே மாசம் பிக்சல் 8ஏ வந்துச்சு, 52,999 ரூபாய்க்கு. வித்தியாசம் 23,000. புதுசா வேலைக்குச் சேர்ந்த பலருக்கு அது ஒரு மாச சம்பளம்!

அந்த 23,000-க்கு என்ன கிடைச்சுது? சிப் ரெண்டுலயும் டென்சர் ஜி3. ரேம் ரெண்டுலயும் 8 ஜிபி. ஸ்கிரீன் 6.2 இன்ச், 6.1 இன்ச். பேட்டரி, விலை அதிகமான போன்ல ஒரு துளி தூக்கல், அவ்வளவுதான். மெயில், மீட்டிங், எக்ஸெல், யுபிஐ வரைக்கும் ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது.

வித்தியாசம் எல்லாம் உடம்புலதான். பிக்சல் 8-ல முன்னாடியும் பின்னாடியும் கொரில்லா கிளாஸ் விக்டஸ். 8ஏ-ல முன்னாடி கொரில்லா கிளாஸ் 3. அது 2013-ல அறிமுகமான சரக்கு! கீறல், விரிசல் விஷயத்துல விக்டஸ் ஒரு படி மேலதான். ஆனா 8ஏ-க்கு முதுகு பிளாஸ்டிக். பஸ்ல கூட்டத்துல நழுவி விழுந்தா கண்ணாடி முதுகு உடையும், பிளாஸ்டிக் முதுகு உடையாது. எப்படியும் நாம பத்தாவது நிமிஷம் கவர் போட்டு மூடத்தானே போறோம்? அப்புறம் கண்ணாடி யாருக்கு?

கேமராவுக்கு வாங்க. விலை அதிகமான பிக்சல் 8-ல 50 மெகாபிக்சல். கம்மியான 8ஏ-ல 64. 'அப்போ 64 தானே பெருசு?' அதான் இல்லை. வெளிச்சத்தை வாங்கற சென்சார், 50 உள்ள போன்லதான் பெருசு. வாளி பெருசா இருந்தா மழைத்தண்ணி அதிகம் பிடிக்கும், அவ்வளவுதான் மேட்டர். ராத்திரி கல்யாண ரிசப்ஷன்ல எடுக்கிற போட்டோவுல இது தெரியும். பகல்ல பில்லையும் விசிட்டிங் கார்டையும் படம் பிடிக்கிறவருக்குத் தெரியவே தெரியாது.

சார்ஜிங் வேகம் 27 வாட், 18 வாட். இது மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டிய ஐட்டம். காலையில அவசரமா இருபது நிமிஷம் சார்ஜ் போட்டுட்டு ஓடற பார்ட்டியா நீங்க? அப்போ 18 வாட் உங்களைக் கடுப்பேத்தும்.

பிறந்த தேதி கேளுங்க!

இந்த ஜோடியில செம ட்விஸ்ட் இனிமேதான். ரெண்டு போனுக்கும் ஏழு வருஷம் அப்டேட் தர்றதா கூகுள் வாக்கு கொடுத்துச்சு. கணக்கு, போன் வெளியான மாசத்துலேர்ந்து. பிக்சல் 8-க்கு 2030 அக்டோபர் வரைக்கும். 8ஏ-க்கு 2031 மே வரைக்கும். அதாவது, 23,000 கம்மியா கொடுத்தவருக்குத்தான் ஏழு மாசம் கூடுதல் ஆயுசு!

எந்த போனைப் பார்த்தாலும் இந்தக் கணக்கைப் போடுங்க ப்ளீஸ். ஆயுசை எண்ண ஆரம்பிக்கறது நீங்க வாங்கின நாள்லேர்ந்து இல்லை, போன் பிறந்த நாள்லேர்ந்து. சாம்சங் கேலக்ஸி ஏ34, ஏ54 ரெண்டும் 2023 மார்ச்ல வந்தப்ப அஞ்சு வருஷ செக்யூரிட்டி அப்டேட்னு சொன்னாங்க. அப்பவே வாங்கினவருக்கு முழு அஞ்சு. ரெண்டு வருஷம் கழிச்சு 'அடேங்கப்பா, பாதி விலை!'ன்னு ஆஃபர்ல அள்ளினவருக்கு மூணுதான் மிச்சம். விலை குறைஞ்ச மாதிரியே ஆயுசும் குறைஞ்சிருக்கு. அதுல தப்பில்லை. தெரிஞ்சு வாங்கினா சரி.

அப்டேட் இல்லாட்டி என்ன, போன் ஓடத்தானே செய்யும்னு கேட்கறீங்களா? ஓடும். ஆனா சில ஆபீஸ்கள்ல செக்யூரிட்டி அப்டேட் பழசான போனுக்கு மெயிலே திறக்காது. பேங்க் ஆப்பும் ஒரு நாள் 'உங்க வெர்ஷன் பழசு'ன்னு கையை விரிச்சிடும். போன் நல்லாத்தான் இருக்கும், வேலைக்குத்தான் ஆகாது.

இதே ஏ34, ஏ54 ஜோடியில இன்னொரு தமாஷ். வந்தப்ப 30,999, 38,999 ரூபாய்னு விலை. கம்மி விலை போன்லதான் ஸ்கிரீன் பெருசு, 6.6 இன்ச். மத்ததுல 6.4. பேட்டரி ரெண்டுலயும் 5,000. நாள் முழுக்க பிடிஎஃப் பார்க்கிற ஆளுக்கு 'சின்ன' மாடல்தான் பெரிய மாடல்!

ஆப்பிள் ரசிகர்கள் முறைக்க வேணாம், உங்களுக்கும் இருக்கு. ஐபோன் 13 வந்தது 2021-ல, 14 வந்தது 2022-ல. ரெண்டுக்கும் ஏ15 சிப்தான். 14-ல ரேம் 4-லேர்ந்து 6 ஜிபி ஆச்சு, கூடவே பின்பக்கக் கண்ணாடி தனியா கழட்டி மாத்தற மாதிரி வந்துச்சு. சர்வீஸ் பில் கட்டினவங்களுக்குத்தான் அந்தக் கண்ணாடி மேட்டரோட அருமை புரியும். ஆனா ரெண்டுக்கும் அதே பழைய லைட்னிங் கேபிள். டைப்-சி 2023-ல வந்த 15-லதான். ஆபீஸ்ல சார்ஜர் மறந்துட்டுப் போற ஜாதியா இருந்தா, பக்கத்து சீட்டு ஆண்ட்ராய்டு ஆசாமிகிட்ட கடன் வாங்க டைப்-சிதான் கை கொடுக்கும்.

ஆபீஸ் எட்டிப் பார்க்குமா?

உங்க சொந்த போன்ல கம்பெனி மெயிலைப் போடச் சொன்னா, ஒரு கேள்வியைக் கேட்டுட்டு அப்புறம் போடுங்க. 'ஒர்க் புரொஃபைலா... இல்ல, முழு போனும் உங்க கன்ட்ரோலா?'

ஆண்ட்ராய்டுல ஒர்க் புரொஃபைல்னு ஒண்ணு இருக்கு. ஒரே வீட்டுக்குள்ள குறுக்கால சுவர் எழுப்பின மாதிரி. ஆபீஸ் ஆப்கள்ல சின்னதா ஒரு பெட்டி படம் ஒட்டியிருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தை மொத்தமா அணைச்சு வெச்சிடலாம். வேலையை விட்டுப் போறப்ப கம்பெனி அழிச்சாலும் அந்தப் பாதிதான் அழியும். உங்க குடும்ப போட்டோவும் காதல் சாட்டும் சேஃப்! முழு போனையும் அவங்க கட்டுப்பாட்டுல பதிவு பண்ணச் சொன்னா, மொத்தத்தையும் தூரத்துலேர்ந்தே துடைச்சுப் போட முடியும். அப்படிச் சொல்ற கம்பெனிகிட்ட 'அப்போ போனை நீங்களே கொடுங்க சார்'னு பணிவா கேட்கறதுல தப்பே இல்லை.

ரெண்டு சிம் விஷயமும் முக்கியம். சில போன்ல ரெண்டாவது சிம் போடற இடமும் மெமரி கார்டு போடற இடமும் ஒண்ணுதான். ஆபீஸ் சிம்மைப் போட்டா கார்டு அவுட். பிக்சல்லயும் ஐபோன்லயும் கார்டுக்கு இடமே கிடையாது. அதனால மிச்சமிருக்கற ரெண்டாயிரம் மூவாயிரத்தை எங்கே போடலாம்னு கேட்டா, என் ஓட்டு ஸ்டோரேஜுக்குத்தான். 128-லேர்ந்து 256-க்குப் போயிடுங்க. ரேம் 8 போதும். '8 ப்ளஸ் 8, மொத்தம் 16 ஜிபி'ன்னு போஸ்டர்ல போட்டிருந்தா மயங்காதீங்க. அந்த ரெண்டாவது எட்டு, உங்க ஸ்டோரேஜ்லேர்ந்தே எடுத்துப் போடறது. நம்ம பாக்கெட்லேர்ந்து எடுத்து நமக்கே ட்ரீட்!

ஜீரோ வட்டி... அப்படியா?

கடைக்காரர் கடைசியில சொல்வார் பாருங்க, 'நோ காஸ்ட் ஈஎம்ஐ சார், மாசம் வெறும் 2,500தான்!' 30,000 ரூபாய் போன், 12 மாசம். 'வட்டியே இல்லையே'ன்னு குஷியாகாதீங்க. பேங்க் தன் கணக்குல வட்டி போடத்தான் செய்யும். அந்தத் தொகையைக் கடைப் பக்கம் முன்கூட்டியே தள்ளுபடியா கழிச்சிடுவாங்க. உதாரணத்துக்கு வருஷ வட்டி 15 சதவீதம்னு வெச்சா, உள்ளே ஒளிஞ்சிருக்கற வட்டி சுமார் 2,300 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, சுமார் 415 ரூபாய். அது உங்க தலையில. பிராசசிங் ஃபீஸ் இருந்தா அதுவும், அதுக்கான ஜிஎஸ்டியும் தனி. ஜீரோ வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013-ல சொல்லியாச்சு.

'ரொக்கமா கொடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?'ன்னு முதல்ல கேளுங்க. அந்த பதில் வந்ததும் ரெண்டையும் கழிச்சுப் பாருங்க, நிஜ வட்டி எவ்வளவுன்னு வெட்டவெளிச்சமாகிடும். அப்புறம் இன்னொண்ணு. பல பேருக்கு வாழ்க்கையில முதல் கடனே இந்த போன்தான். ரெண்டு மாசம் தவணை தவறினா சிபில்ல பதிஞ்சிடும். நாளைக்கு பைக் லோனுக்குப் போறப்ப அது முன்னாடி வந்து உட்காரும். ப்ரொபேஷன் முடியாத வேலையில இருந்தா 12 மாசத் தவணைக்குத் தலையாட்டறதுக்கு முன்னாடி இதை நினைச்சுக்கோங்க. இந்த ஒரு காரணத்துக்காகவே ரெண்டு மாடல்ல விலை குறைஞ்சதுக்கு நான் கட்சி.

கடையில அஞ்சு நிமிஷம்

கையில எடுத்துப் பார்க்காம முடிவு பண்ணாதீங்க. ரெண்டையும் ஒரே கையில பிடிச்சு, கட்டை விரலால மேல் மூலையைத் தொட்டுப் பாருங்க. கடை வாசலுக்குக் கொண்டு வந்து வெயில்ல ஸ்கிரீன் தெரியுதான்னு பாருங்க. அந்த பிராண்டோட சர்வீஸ் சென்டர் உங்க ஊர்ல இருக்கா, இல்ல பஸ் ஏறிப் போகணுமான்னு விசாரிங்க. வேலைக்குன்னு வாங்கற போன் ஒரு வாரம் சர்வீஸ்ல படுத்தா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை.

பில் போட்டாச்சா? பெட்டியில இருக்கற ஐஎம்இஐ நம்பரும் *#06# அடிச்சா ஸ்கிரீன்ல வர்ற நம்பரும் ஒண்ணான்னு பாருங்க. செகண்ட் ஹேண்டுன்னா இது கட்டாயம். கே, ஒய், எம்னு மூணு ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, அந்த 15 இலக்க நம்பர் - இதை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினா அது ஒழுங்கான போனா, பிளாக் ஆனதான்னு பதில் வந்துடும்.

பழைய போனைத் தம்பி தங்கச்சிக்குக் கொடுக்கற ஐடியாவா? அழிக்கறதுக்கு முன்னாடி ஆபீஸ் ஆதென்டிகேட்டரைப் புதுசுக்கு மாத்திடுங்க, கூகுள் அக்கவுன்ட்லேர்ந்தும் வெளியே வந்துடுங்க. இல்லாட்டி திங்கட்கிழமை காலையில நீங்க லாகின் பண்ண முடியாம ஐ.டி. டீமைத் தேடிட்டிருப்பீங்க, ஊர்ல தம்பி 'அண்ணா, பழைய பாஸ்வேர்டு கேக்குது'ன்னு உங்களைத் தேடிட்டிருப்பான்.