கெட்டி ஆயிலா, தண்ணி ஆயிலா?



போன மாதம் எங்கள் வகுப்பில் ஒரு சண்டை. "எந்த வண்டியா இருந்தாலும் ஆயில் கெட்டியா இருந்தாத்தான் இன்ஜினுக்கு நல்லது" என்று பையன்கள் சொன்னார்கள். நான் இல்லை என்றேன். "பொம்பளப் புள்ளைக்கு இன்ஜினைப் பத்தி என்ன தெரியும்?" என்று சிரித்தார்கள். அதனால்தான் இந்த முறை பொன்மொழியும் விடுகதையும் எழுதாமல் இதை எழுதுகிறேன்.

என் மாமா கோயம்புத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். பந்தயத்துக்காக மாற்றி அமைக்கும் கார் இன்ஜின்களைக் கட்டுவதுதான் அவர் வேலை. கார் பந்தயத்துக்குப் பேர் போன ஊர் அது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர். செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த ஓடுதளத்துக்கு கரிவர்தன் என்பவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அவரே பந்தயக் கார் செய்தவர். லீவுக்குப் போனால் நான் மாமாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன்.

அறிவியலில் பாகுநிலை என்று படித்தோம் அல்லவா, அதுதான் இங்கே விஷயம். அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சும்போது பாருங்கள். அடுப்பில் இருக்கும்வரை தளதள என்று ஓடும், ஆறினால் கரண்டியை விட்டே இறங்காது. ஆயிலும் அப்படித்தான். நான் வீட்டில் விளக்கெண்ணெயை வைத்துச் சோதனை செய்தேன். ஒரே புனலில் ஒரே டம்ளர் அளவு. சும்மா ஊற்றியபோது நான் எண்ணி எண்ணி வாய் வலித்தது. வெந்நீரில் வைத்துச் சூடாக்கி ஊற்றினால் அதில் பாதிகூட எண்ணவில்லை, தீர்ந்துவிட்டது. (அம்மா திட்டினார்கள், அது வேறு கதை.) விளக்கெண்ணெய் என்றால் சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் பந்தய இன்ஜினுக்கும் விமான இன்ஜினுக்கும் அதைத்தான் ஊற்றினார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கு எண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான்.

ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்று போட்டிருக்கும். டபிள்யூ என்றால் விண்டர், குளிர்காலம். முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைக் காட்டும். 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் சோதிப்பார்கள். நம்ம ஊருக்கு அவ்வளவு குளிர் வராது. ஆனாலும் விடியற்காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஆயில் சீக்கிரம் மேலே ஏற, அந்த எண் சின்னதாக இருப்பது நல்லது. பின்னால் உள்ள எண்தான் இன்ஜின் சூடானபிறகு எவ்வளவு கெட்டி என்று சொல்வது. அதை 100 டிகிரியில் அளப்பார்கள். 30-ஐ விட 40 கெட்டி, 40-ஐ விட 50 கெட்டி.

இந்தக் கெட்டி எதற்கு? கிராங்க் தண்டு பேரிங்கைத் தொட்டுக்கொண்டு சுற்றவில்லை. நடுவில் ஆயில் படலம் இருக்கிறது, தண்டு அதன்மேல் மிதக்கிறது. 45 மி.மீ. தண்டு என்றால் இடைவெளி 0.045 மி.மீ. அளவுதான் இருக்கும், நம் தலைமுடியை விட மெல்லிசு! கம்பெனி இன்ஜினில் இன்னும் குறைவாகவே வைப்பார்கள். பந்தய இன்ஜின் அதிகம் சூடாகும் என்பதால் மாமா கொஞ்சம் கூட்டி வைப்பார். இடைவெளி கூடினால் தண்ணி ஆயில் பக்கத்தில் வழிந்து போய்விடும். அதற்குக் கெட்டி ஆயில்தான் நிற்கும்.

சூடு இன்னொரு எதிரி. சாதாரணமாக ரோட்டில் போகும் காரில் ஆயில் 100 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். டர்போ வைத்து ஓடுதளத்தில் விரட்டினால் 120, 130 என்று ஏறும். 120 டிகிரியில் 40 ஆயில், 100 டிகிரியில் 30 ஆயில் இருந்த அளவுக்கு இளகிவிடும். அப்போது 30 ஆயில் கதி என்ன?

அதுதான் நடந்தது. மாமா கட்டிய ஒரு டர்போ காருக்கு 40 ஆயில் ஊற்றச் சொல்லி வாயால் சொல்லி அனுப்பினார். கார்க்காரர், கம்பெனி புத்தகத்தில் 30 என்று போட்டிருக்கிறது என்று அதையே ஊற்றி, மே மாத வெயிலில் ஓட்டியிருக்கிறார். ஆயில் லைட் மினுக்கியும் நிறுத்தவில்லை. பிறகு டக் டக் என்று சத்தம். இன்ஜினை இறக்கிப் பார்த்தால் பேரிங்கின் சாம்பல் நிறப் பூச்சு போய் உள்ளே செம்பு தெரிந்தது, கிராங்கும் போச்சு. "நீ கட்டினது சரியில்லை" என்று பழி மாமா மேல் வந்தது. முதலாளி இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார். எழுதிக் கொடுக்காததால் மாமாவிடம் சாட்சி இல்லை. இப்போதெல்லாம் ஒவ்வொரு காரிலும் ஆயில் மூடியில் ஒரு அட்டை கட்டி, எந்த ஆயில் என்று எழுதித்தான் அனுப்புகிறார். சில அட்டையில் என் கையெழுத்து இருக்கிறது.

அப்படியானால் பையன்கள் சொன்னது சரிதானே என்பீர்கள். இல்லை! "அப்ப எல்லாத்துக்கும் 50 ஊத்திடலாமே மாமா?" என்று நானும் கேட்டேன். மாமா தண்ணீர்க் குழாய் வாயில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். "இப்ப உள்ளே அழுத்தம் ஜாஸ்தி. ஆனா பக்கெட் நிறையுதா பாரு அம்மிணி" என்றார். கெட்டி ஆயிலும் அதேதான். மீட்டரில் அழுத்தம் நிறையக் காட்டும், பேரிங்குக்குப் போகிற ஆயில் குறையும். குளிர்ந்த இன்ஜினை உடனே முறுக்கினால் ஆயில் வந்து சேருவதற்குள் தேய்ந்துவிடும். கெட்டியைக் கலக்குவதற்கே சக்தி செலவாகி, ஆயிலும் சூடாகும். இடைவெளி குறைவான புது இன்ஜினுக்கு 50 ஊற்றினால் அது தண்டம்தான்.

மாமா முதலில் கம்பெனி சொன்ன எண்ணைப் பார்ப்பார். பிறகு தான் வைத்த இடைவெளி. பிறகு ஓட்டிப் பார்த்து, நன்றாகச் சூடானபிறகு அழுத்தம். 1000 சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய பந்தய மெக்கானிக்குகள் கணக்கு, அதாவது 6000 சுற்றில் 60. அதற்குக் கீழே போனால் ஒரு படி கெட்டி, ரொம்ப மேலே நின்றால் ஒரு படி தண்ணி. டிப் ஸ்டிக்கை முகர்ந்தும் பார்ப்பார். பெட்ரோல் வாசம் வந்தால் பெட்ரோல் இறங்கி ஆயில் நீர்த்துவிட்டது என்று அர்த்தம், எந்த எண்ணாக இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

இன்னொன்று. கார் ஆயிலை உங்கள் அப்பா பைக்கில் ஊற்றிவிடாதீர்கள். பெரும்பாலான பைக்கில் கிளட்சும் அதே ஆயிலில்தான் நனைகிறது, வழுக்கும்.

அந்தச் செம்பு தெரிந்த பேரிங்கை மாமா எனக்குக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மதியம் கொண்டு வருவேன். 9-ஆம் வகுப்புப் பையன்கள் அவசியம் வரவும். தொட்டுப் பார்க்கலாம், எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

— 9-ஆம் வகுப்பு மாணவி