இது புறாவா?

கையில் புத்தகம் ஏந்திய, கண்ணாடி அணிந்த இளைஞன் ஒருவன், எதிரே பறக்கும் வண்ணத்துப்பூச்சியைக் காட்டி “இது புறாவா?” என்று கேட்கிறான். ‘மீம்’ எனப்படும் நகைச்சுவைப் படங்களில் புகழ்பெற்ற இக்காட்சி, 1991இல் ஜப்பானில் ஒளியேறிய ‘ஃபைபேர்ட்’ என்னும் கார்ட்டூன் தொடரில் வருவது. அவன் மனித உருவிலான இயந்திரம். விண்ணிலிருந்து வந்த ஒரு சக்தி அதை இயக்குகிறது. பூமிக்குப் புதியவன் என்பதால்தான் இந்தக் குழப்பம்.

2018இல் இப்படம் இணையத்தில் வெகுவாகப் பரவியபோது, மூன்று இடங்களில் சொற்களைப் பொருத்துவது வழக்கமாயிற்று. இளைஞன் மீது, தவறாகப் புரிந்துகொள்பவர். பூச்சியின் மீது, உண்மையில் இருப்பது. கீழே, அவர் நினைத்துக்கொள்வது. எடுத்துக்காட்டு: ‘நான்’, ‘தேர்வுக்கு முந்திய இரவு’, ‘இது படிக்கத் தொடங்கும் நேரமா?’ சொற்கள் சுருக்கமாக இருந்தால்தான் பார்த்தவுடன் சிரிப்பு வரும்.

முதல் இடத்தில் ‘நான்’ என்று எழுதினால் எல்லாரும் சேர்ந்து சிரிக்கலாம். வகுப்புத் தோழன் ஒருவனின் பெயரை எழுதினால், அவனைத் தவிர மற்றவர்கள்தாம் சிரிப்பார்கள். நண்பர்களுக்கு அனுப்புவதற்கு முன், அந்த இடத்தில் தம் பெயரை ஒருமுறை வைத்துப் பார்ப்பது நல்லது.