சின்னக் கப்பல், பெரிய கணக்கு

லா சப்பலில் மெத்ரோ 2 எடுத்து, எத்துவாலில் இறங்கி, 6க்கு மாறினால் த்ரொக்கதேரோ வரும். அங்கே கடற்படை மியூசியம் இருக்கிறது. உள்ளே நிறைய மாதிரிக் கப்பல்கள்.

“இது விளையாட்டுச் சாமானோ?” எண்டு நீங்கள் கேட்கலாம். இல்லை. நல்ல மாதிரி ஒன்றில் எல்லாமே ஒரே கணக்கில் சிறிதாகும். உண்மைக் கப்பலில் 50 சென்ரிமீற்றர் என்றால், மாதிரியில் 1 சென்ரிமீற்றர். பாய்மரமும் அப்படித்தான், பலகையும் அப்படித்தான்.

இந்த மியூசியம் முன்பு லூவ்ரில் இருந்தது. 1871 முதல் அதைப் பார்த்துக்கொண்டவர் ஒரு கடற்படை அதிகாரி. அவருடைய பெயரும் பாரிஸ்! பிரெஞ்சில் எழுதும்போது மட்டும் ‘a’ எழுத்துக்கு மேலே ஒரு சின்னத் தொப்பி வரும். இளம் வயதில் அவர் உலகைச் சுற்றினார். போன இடமெல்லாம் அந்த ஊர்ப் படகுகளை அளந்து வரைந்தார். புதுச்சேரியில் ஓர் இயந்திரத்தில் சிக்கி இடது கையை இழந்தார். அதற்குப் பிறகும் வரைவதை விடவில்லை.

நம்முடைய கட்டுமரத்தையும் சலங்கையும் அவர் வரைந்திருக்கிறார். சலங்கு என்றால் என்ன? அந்தக் காலத்தில் புதுச்சேரிக் கரைக்குப் பெரிய கப்பல் வர முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சாமான்களைச் சலங்குதான் கரைக்குக் கொண்டுவரும். அதில் பலகைகளை ஆணியால் அடிப்பதில்லை, தென்னங்கயிற்றால் தைப்பார்கள்! பெரிய அலை மோதினால் ஆணி அடித்த படகு உடையும். தைத்த படகு வளைந்து கொடுக்கும்.

இப்படிப் படகு கட்டியவர்கள் பலர் காகிதத்தில் படம் போடவில்லை. கண்ணும் கையும்தான் கணக்கு. படகு பழசாகிப் போனால், அதன் வடிவமும் போய்விடும். அதனால்தான் பாரிஸ் அளந்தார். அந்த அளவுகளை வைத்து மாதிரிகளும் செய்வித்தார்.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையிலும் பாய்க்கப்பல்கள் கட்டினார்கள். அவற்றில் ஒன்று ‘அன்னபூரணி’. சரக்கு ஏற்றிய கப்பல். ஓர் அமெரிக்கர் அதை வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டு, சூயஸ் கால்வாய் வழியாகப் போய், 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சேர்ந்தார்கள்.

அன்னபூரணியின் நீளம் ஏறக்குறைய 27 மீற்றர். 50இல் ஒரு பங்காக மாதிரி செய்தால் எவ்வளவு நீளம் வரும்? 54 சென்ரிமீற்றர். உங்கள் மேசையிலேயே வைக்கலாம். 54 சென்ரிமீற்றர் நூல் ஒன்று வெட்டி, வைத்துப் பாருங்கோ.