ஆழ நீருக்கு ஒரு சிறு முடிச்சு

தூண்டில் போடுபவருக்குத் தக்கைதான் கண். நீருக்கு அடியில் நடப்பதை நீருக்கு மேலே காட்டித் தருவது அதுவே. மீன் இரையைத் தொட்டால் தக்கை துடிக்கும். கவ்விக்கொண்டு ஓடினால் தக்கை அமிழும். ஆழம் குறைந்த குளத்தில் இந்த எளிய கருவி நன்றாகவே உதவுகின்றது. ஆனால் நீரின் ஆழம் தூண்டில் தடியின் நீளத்தை மிஞ்சிவிட்டால் அது கைகொடுப்பதில்லை. தோணியும் வலையும் இல்லாமல் கரையில் நின்று மீன் பிடிப்பவர்கள் ஆழ நீரைக் கைவிட்டு விடுவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

இக்குறையைத் தீர்க்க இங்கிலாந்தின் தூண்டில்காரர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் முறையே 'நழுவு தக்கை'. இதற்கு அதிக பணம் தேவையில்லை. ஒரு சிறு முடிச்சுத்தான் இதன் இரகசியம்.

தடையாக நிற்பது எது?

சாதாரண தக்கை தங்கூசியில் ஓரிடத்தில் அசையாமல் பொருத்தப்படுகின்றது. தடியின் நீளம் 12 அடி, நீரின் ஆழம் 20 அடி என்று வைத்துக்கொள்வோம். இரை அடியைத் தொட வேண்டுமானால் தக்கைக்கும் தூண்டில் முள்ளுக்கும் இடையில் 20 அடி தங்கூசி இருக்க வேண்டும். இவ்வளவு நீளத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வீச முடியாது. எப்படியோ வீசி மீனும் அகப்பட்டுவிட்டால், தங்கூசியைச் சுற்றி எடுக்கும்போது தக்கை தடியின் நுனி வளையத்தில் முட்டி நின்றுவிடும். மீனோ இன்னும் 20 அடிக்குக் கீழே தொங்கிக் கொண்டிருக்கும்.

நழுவு தக்கை அசையாமல் கட்டப்படுவதில்லை. தங்கூசி அதன் சிறு வளையத்தினூடாகத் தாராளமாக ஓடும். வீசும்போது தக்கை கீழே இறங்கிப் பாரக் குண்டின்மேல் தங்கியிருக்கும். நீரில் விழுந்ததும் பாரம் கீழே இறங்க, தங்கூசி தக்கையினூடாக ஓடிக்கொண்டே இருக்கும். நாம் குறித்த ஆழம் வந்ததும், தங்கூசியில் கட்டிய தடை முடிச்சு தக்கையின் வளையத்தில் வந்து நிற்கும். உடனே தக்கை நிமிரும். மீனை இழுக்கும்போது அந்த முடிச்சு தடி வளையங்களைக் கடந்து றீலில் சுற்றிக்கொள்ளும். ஆழத்தைத் தீர்மானிப்பது இனித் தடி அல்ல, முடிச்சே.

இம்முறை வளர்ந்த இடம்

இங்கிலாந்தில் சமன், ட்ரவுட் போன்ற உயர் இன மீன்களைப் பிடிப்பது ஒரு காலத்தில் செல்வந்தரின் பொழுதுபோக்காகவே இருந்தது. ரோச், பிறீம், டென்ச், காப் முதலிய ஏனைய நன்னீர் மீன்களே தொழிலாளரின் தூண்டிலுக்கு உரியவையாயின. நழுவு தக்கை இந்தச் சாதாரண மக்களின் கையில் செம்மை பெற்றது. கொவென்றி நகரைச் சேர்ந்தவரும் 1963 இல் உலகத் தூண்டில் போட்டியில் தனிநபர் வெற்றி பெற்றவருமான பில்லி லேன், இதனைப் பரவச் செய்தவர்களுள் ஒருவர்.

இம்முறைக்குத் துணைநின்ற மற்றொன்று, 1905 இல் அல்பிரட் இல்லிங்வேர்த் காப்புரிமை பெற்ற றீல் ஆகும். அதில் உருளை சுழலாது. தங்கூசி உருளையின் விளிம்பைத் தாண்டி வழிந்து ஓடும். வெறும் பால்பேணியில் தங்கூசியைச் சுற்றி வீசுபவர்களும் இதே தத்துவத்தையே பயன்படுத்துகின்றனர். எனவே றீல் வாங்க வசதியற்றவர் பேணியைக் கொண்டே நழுவு தக்கையைப் பயன்படுத்தலாம். நுனியில் தங்கூசி கட்டிய வெறும் மூங்கில் தடிக்கு மட்டும் இது பொருந்தாது.

செய்து கொள்ளும் முறை

1. தக்கை: உதிர்ந்த மயிலிறகின் தண்டு இதற்கு மிகச் சிறந்தது, இங்கிலாந்திலும் அதையே விரும்புகின்றனர். நெட்டியும் பழைய றப்பர்ச் செருப்பின் துண்டும் கூட உதவும். அடிப்பக்கத்தில் மெல்லிய பித்தளைக் கம்பியால் சிறு வளையம் அமையுங்கள். முடிச்சு அதற்குள் நுழைந்துவிடாதபடி வளையம் சிறிதாக இருத்தல் வேண்டும். வளையம் பெரிதாகிவிட்டால், முடிச்சுக்கும் தக்கைக்கும் இடையில் ஒரு சிறு பாசிமணியைக் கோத்துவிடலாம்.

2. தடை முடிச்சு: ஒரு சாண் நீளமான நூலையோ மெல்லிய தங்கூசியையோ எடுத்துப் பிரதான தங்கூசியின் அருகே வைத்து ஒரு கண்ணி போடுங்கள். அதன் ஒரு நுனியைக் கண்ணிக்குள்ளாக, பிரதான தங்கூசியையும் சேர்த்து நான்கு ஐந்து தடவை சுற்றுங்கள். எச்சிலால் நனைத்து இறுக்குங்கள். நுனிகளை ஒட்ட வெட்டக் கூடாது. ஓர் அங்குலம் நீளமாக விட்டால் அவை வளைந்து கொடுத்து வளையங்களைக் கடக்கும். குட்டையாக வெட்டினால் முட்கள்போல் சிக்கிக்கொள்ளும்.

3. பாரம்: தங்கூசியை இழுத்துக்கொண்டு இறங்கப் போதிய பாரம் வேண்டும். 6 முதல் 10 கிராம் வரை பொருந்தும். அதைத் தாங்கக்கூடிய அளவில் தக்கை அமைதல் வேண்டும். பாரத்தை முள்ளிலிருந்து நான்கு ஐந்து அடிக்கு மேலே பொருத்துங்கள். இடையில் ஒரு மிகச் சிறிய பாரம் இருந்தால் இரை ஒழுங்காக இறங்கும்.

4. ஆழம் அறிதல்: முதலில் முள்ளில் கனமான ஒரு பொருளைக் கட்டி வீசுங்கள். தக்கை மூழ்கிப் போனால் முடிச்சை மேலே நகர்த்துங்கள். தக்கை சரிந்து கிடந்தால் கீழே நகர்த்துங்கள். நனைத்த பின்பே முடிச்சை நகர்த்த வேண்டும். உலர்ந்த நிலையில் நகர்த்தினால் தங்கூசி உராய்ந்து பலம் குன்றும்.

வீசும்போது

பாரம் நீரைத் தொடுவதற்குச் சற்று முன்னர் தங்கூசியை விரலால் மெல்லத் தடுத்தால் முள்ளும் பாரமும் தக்கையும் சிக்காமல் வரிசையாக விழும். விழுந்ததும் தங்கூசியை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. இறுக்கினால் பாரம் நேராக இறங்காமல் ஊஞ்சல்போலக் கரைப்பக்கம் வந்துவிடும். தக்கை நிமிரும்வரை தங்கூசியைத் தாராளமாக விட்டுக் கொடுங்கள். புதிதாகப் பழகுவோர் பொறுமை இழப்பது இவ்விடத்திலேயே.

ஆழம் என்றால் அடித்தளம் அல்ல

ஆழமான நீர்த்தேக்கங்களில் மேலே இளஞ்சூடான நீரும் கீழே குளிர்ந்த நீரும் ஒன்றோடொன்று கலவாமல் படைகளாக நிற்பதுண்டு. அடியில் இலைகுழைகள் அழுகுவதால் அங்குள்ள ஒட்சிசன் தீர்ந்து போகின்றது. அப்படிப்பட்ட இடத்தில் மீன் தங்காது. ஆகவே அடித்தளத்தில் ஒன்றும் கடிக்காவிட்டால், முடிச்சை மூன்று மூன்று அடியாக இறக்கி இரையை மேல்மட்டத்திற்குக் கொண்டு வாருங்கள். எந்த மட்டத்திலும் இரையை நிறுத்த முடிவதே நழுவு தக்கையின் பெரும் பயன்.

எமது நீர்நிலைகளில்

எமது பழைய ஏரிக் குளங்கள் பெரும்பாலும் ஆழம் குறைந்தவை. 1952 இல் இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா அவற்றில் பெருகி ஏழைகளின் உணவாயிற்று. அங்கே சாதாரண தக்கையே போதும். மலையகத்தின் காசல்ரீ, மவுஸ்ஸாகலை போன்ற நீர்த்தேக்கங்களின் நிலை வேறு. பள்ளத்தாக்குகளை மறித்துக் கட்டியமையால் அங்கு கரையிலிருந்து சில அடிகளிலேயே ஆழம் தொடங்கிவிடுகின்றது. திருகோணமலை போன்ற ஆழ்துறைகளின் இறங்குதுறைகளும் இதற்கு ஏற்றவை. அனுமதி பற்றியும் தடைசெய்யப்பட்ட பகுதிகள் பற்றியும் உரியவர்களிடம் முன்னரே கேட்டறிய வேண்டும். மின் உற்பத்திக்காக நீர்மட்டம் ஏறி இறங்குவதால் கரைமண் இளகி நிற்கும். ஈரமான செங்குத்துக் கரையில் சிறுவர்களைத் தனியே விடாதீர்கள்.

ஈயம் வேண்டாம்

பாரம் என்றதும் பழைய பற்றரியை உடைத்து ஈயம் உருக்குவது பலருக்கு வழக்கம். அடுப்படியில் உருக்கும் ஈயத்தின் புகையும் தூசும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இங்கிலாந்தில் தூண்டில்காரர் தவறவிட்ட ஈயக் குண்டுகளை, இரையை அரைக்க உதவும் பரற்கற்களோடு சேர்த்து அன்னங்கள் விழுங்கின. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அவை மடிந்தன. அதனால் 28 கிராமிற்கு உட்பட்ட பெரும்பாலான ஈயக் குண்டுகளின் விற்பனை அங்கு 1987 இல் தடைசெய்யப்பட்டது.

ஈயத்திற்குப் பதிலாகச் சைக்கிள் கடையில் கழித்துவிடும் இரும்பு நட்டுகள் போதும். பருமன் சற்றுக் கூடினாலும் வேலையில் குறைவில்லை. துளையும் ஏற்கனவே இருக்கின்றது. அறுந்த தங்கூசியையும் கரையில் எறியாதீர்கள். அது மக்காது; கொக்கின் காலிலும் மாட்டின் குளம்பிலும் சுற்றிக்கொள்ளும். சுருட்டி வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

ஒரு மயிலிறகுத் தண்டு, ஒரு துண்டு நூல், இரண்டு இரும்பு நட்டு. தோணி வாங்க வழியில்லாத குடும்பத்திற்கும் இவை கிடைக்கும். முதலில் வீட்டு முற்றத்தில் முடிச்சைக் கட்டிப் பழகுங்கள். அது வளையத்தில் நழுவாமல் நின்றால், நீரிலும் நிற்கும்.