மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு

ஓமலூர், தாரமங்கலம், மேட்டூர் வட்டாரங்களில் வேலைநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளர்கள் வழக்குரைஞன் என்ற முறையில் என்னிடம் ஆலோசனை கேட்க வருவதுண்டு. அவர்களில் பெரும்பாலோர் ஒரு நம்பிக்கையோடு வருகிறார்கள்: சேலம் தொழிலாளர் நீதிமன்றத்தில் தோற்றாலும், விட்டுப்போன சாட்சியங்களை எல்லாம் மேல்முறையீட்டில் சொல்லிக் கொள்ளலாம் என்பதே அது. அந்த நம்பிக்கை தவறானது.

நிலத் தகராறில் முன்சீப் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துச் சார்பு நீதிமன்றத்துக்குச் சென்றால், சாட்சியங்கள் முழுமையாக மறுபரிசீலனை செய்யப்படும். வேலைநீக்க வழக்குக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், தொழிலாளர் நீதிமன்றத் தீர்ப்பின் மீது மேல்முறையீட்டுக்கு இடம் தரவில்லை. எஞ்சியிருப்பது அரசமைப்புச் சட்டத்தின் 226, 227-ஆவது பிரிவுகளின் கீழ் சென்னை உயர்நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் ரிட் மனு. அதற்கு மேல் இரு நீதிபதிகள் அமர்வில் ரிட் மேல்முறையீடு. இறுதியாக, 136-ஆவது பிரிவின் கீழ் உச்சநீதிமன்றத்தின் சிறப்பு அனுமதி.

ரிட் மனுவில் உயர்நீதிமன்றம் பார்ப்பது குறுகிய எல்லைக்குள்தான். அதிகார வரம்பு மீறப்பட்டதா, இயற்கை நீதி மறுக்கப்பட்டதா, ஆதாரமே இல்லாமல் முடிவு எட்டப்பட்டதா, வெளிப்படையான சட்டப் பிழை உள்ளதா என்பனவே கேள்விகள். எந்தச் சாட்சியை நம்புவது என்பதில் அது பொதுவாகத் தலையிடாது. தண்டனை மிகையானது எனக் கருதினால் அதைக் குறைக்கும் அதிகாரத்தையும் 11ஏ பிரிவு தொழிலாளர் நீதிமன்றத்துக்கே அளித்தது. எனவே, குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விசாரணை நடவடிக்கைகள், சம்பளச் சீட்டு, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு ஆகிய அனைத்தும் முதல் நீதிமன்றத்திலேயே பதிவாக வேண்டும். அங்கே பதிவாகாததைச் சென்னையில் புதிதாகச் சேர்ப்பது அரிது.

வெற்றி பெற்ற தொழிலாளியின் நிலையும் எளிதன்று. மீண்டும் பணியில் அமர்த்தும்படி தீர்ப்பு வந்ததும் நிர்வாகம் உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெறுகிறது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அதற்குள் பலர் பேசித் தீர்க்கும் தொகையை ஏற்றுக்கொண்டு விலகிவிடுகிறார்கள்.

இதைத் தடுக்கவே 1984-இல் 17பி பிரிவு நடைமுறைக்கு வந்தது. மீண்டும் பணியளிக்கும் தீர்ப்பை எதிர்த்து நிர்வாகம் உயர்நீதிமன்றம் அல்லது உச்சநீதிமன்றம் சென்றால், வழக்கு நிலுவையிலுள்ள காலத்துக்குத் தொழிலாளி கடைசியாகப் பெற்ற முழு ஊதியத்தையும் அது வழங்க வேண்டும். தான் வேறு நிறுவனத்தில் பணியாற்றவில்லை எனத் தொழிலாளி பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால் போதும். இறுதியில் அவர் தோற்றாலும் அந்தத் தொகையைத் திரும்பப் பெற இயலாது என உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் தானாகக் கிடைப்பதில்லை, கேட்க வேண்டும். கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

பணியில்லாத காலத்துக்கான பின்ஊதியம் குறித்து 2013-இல் மகாராஷ்டிர ஆசிரியை ஒருவரின் வழக்கில் வந்த தீர்ப்பு முக்கியமானது. பள்ளித் தீர்ப்பாயம் வழங்கிய பின்ஊதியத்தை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. உச்சநீதிமன்றம் அதை மீட்டளித்தது. தவறான பணிநீக்கத்தில் பின்ஊதியத்துடன் மீண்டும் பணி என்பதே இயல்பான விதி என்றது. தனக்கு வேறு வருமானம் இல்லை எனத் தொழிலாளி கூறிவிட்டால், அதை மறுத்து நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, தொழிலாளர் நீதிமன்றங்களுக்குப் பதிலாக இரு உறுப்பினர் தீர்ப்பாயங்களை முன்வைக்கிறது. நிலுவைக்கால ஊதிய உரிமை அதிலும் தொடர்கிறது. ஆனால் தகராறு எழுப்புவதற்கான கால வரம்பு மூன்று ஆண்டுகளிலிருந்து இரண்டாகக் குறைந்துள்ளது. சமரச அலுவலரிடம் மனு அளித்து 45 நாள்கள் கடந்தும் தீர்வு இல்லையெனில் தொழிலாளி நேரடியாகத் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்பதால், இந்தச் சுருக்கத்தை ஈடுகட்ட அவர் விரைந்து செயல்பட்டாக வேண்டும்.

நிர்வாகத்தின் மனு ஏற்கப்படும் நாளிலேயே நிலுவைக்கால ஊதியத்தைத் தடையாணையின் நிபந்தனையாக்குவது உயர்நீதிமன்றத்துக்குக் கடினமன்று. காத்திருக்கும் வலிமை நிர்வாகத்துக்கு இருக்கிறது. பட்டினியோடு காத்திருக்க வேண்டிய தொழிலாளிக்கு, வென்ற தீர்ப்பும் வெறும் காகிதமே.